கடைக்கு ஒரு ஃபோல்டர்: பினாங்கில் ஒரு பில்லிங் ரெப்போவை மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜோர்ஜ்டவுனில் உணவகங்களுக்கும் சிறு ஹோட்டல்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து தரும் ஒரு சிறு நிறுவனம். பெயர் இங்கே தேவையில்லை. நிரல் எழுதுபவர்கள் ஐந்தாறு பேர், கடை கடையாகப் போய் இன்ஸ்டால் செய்து கொடுப்பவர்கள் இன்னும் சிலர். அலுவலகத்தில் பேச்சு பெரும்பாலும் தமிழில், நடுநடுவே மலாய். வாடிக்கையாளர்கள் லிட்டில் இந்தியாவிலும் இருக்கிறார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இருக்கிறார்கள். மென்பொருள் மேல் கடைக்காரர்களுக்குப் பெரிய குறை இல்லை. அதன் மூலநிரலை வைத்திருந்த முறைதான் குழுவை வருஷக்கணக்கில் வாட்டியது.

மூலநிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் களஞ்சியத்தை, அதாவது ரெப்போவை, மாற்றியமைக்கும் வேலையில் நான் இருந்தேன். கடைக்குக் கடை கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மென்பொருள் தரும் எல்லாச் சிறு குழுவுக்கும் இதே நிலை வரும் என்பதால் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பழைய ரெப்போ வளர்ந்த விதம்

ரெப்போ சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன்) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்தது. முதன்மை நிரலிலிருந்து பிரிந்து வளரும் வடிவத்தைக் கிளை என்பார்கள். சப்வெர்ஷனில் அப்படித் தனியாக ஒன்று கிடையாது. டிரங்க் (முதன்மை நிரல்), பிராஞ்சஸ் (கிளைகள்), டேக்ஸ் (அடையாளமிட்ட பதிப்புகள்) என்று மூன்று ஃபோல்டர் வைத்துக்கொள்வது ஒரு வழக்கம். அதை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். கிளை பிரிக்க வேண்டுமென்றால் எஸ்விஎன் காப்பி கொடுத்து ஒரு ஃபோல்டரை இன்னொன்றாக நகலெடுத்தால் போதும். சர்வரில் கோப்புகள் இரட்டிப்பாவதில்லை, பழையதைச் சுட்டும் குறிப்பு ஒன்றுதான் பதிவாகும். எவ்வளவு பெரிய ஃபோல்டராக இருந்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு எளிதாக நகல் எடுக்க முடிந்ததுதான் இங்கே வினையாகிவிட்டது. ரெப்போவைத் தொடங்கியபோது டிரங்க் என்று எதுவும் வைக்கவில்லை. முதல் வாடிக்கையாளரின் கடைப் பெயரே முதல் ஃபோல்டர். இரண்டாவது கடை வந்ததும் அதை நகலெடுத்து இரண்டாவது ஃபோல்டர். அடுத்து வந்த கடை எதை ஒத்திருக்கிறதோ அதிலிருந்து அடுத்த நகல். இப்படியே முப்பதைத் தாண்டியது. எது மூலம், எது நகல் என்று சொல்ல வழியில்லை. ஒரு நாசி கண்டார் (சோறும் கறியும் விற்கும்) கடையின் ஃபோல்டர் மளிகைக் கடையிலிருந்து வந்திருக்கும், அந்த மளிகைக் கடை ஒரு ஹோட்டலிலிருந்து வந்திருக்கும்.

மலேசியாவின் வரி வரலாறு இதன்மேல் வந்து விழுந்தது. 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி). 2018 ஜூன் 1-இல் அது சுழியம் ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி (விற்பனை வரியும் சேவை வரியும்) திரும்பி வந்தது. ஆக 2018-இல் மூன்றே மாதத்துக்குள் இரண்டு முறை எல்லாக் கடையின் பில்லையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில்தான் கடைப் பெயருக்குப் பின்னால் 'ஜிஎஸ்டி', 'ஸீரோ', 'எஸ்எஸ்டி', 'எஸ்எஸ்டி புதுசு' என்று வால் முளைத்த ஃபோல்டர்கள் வந்தன.

அந்த நேரத்தில் இன்னொரு பழக்கமும் தொற்றிக்கொண்டது. சிலர் எஸ்விஎன் காப்பி கொடுக்காமல் விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ஃபோல்டரை நகலெடுத்து ஒட்டி, அதைப் புதிதாகச் சேர்த்து கமிட் செய்தார்கள், அதாவது ரெப்போவில் பதிந்தார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முறையாக எடுத்த நகலுக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்ற பதிவு இருக்கும், ஒட்டிய நகலுக்கு அது இருக்காது. இரண்டு ஃபோல்டருக்கும் உறவு உண்டு என்பதே சப்வெர்ஷனுக்குத் தெரியாது. எந்தத் திருத்தம் எங்கே ஏற்கெனவே மெர்ஜ் ஆகியிருக்கிறது (இணைந்திருக்கிறது) என்று பதிந்து வைக்கும் வசதி 2008-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே சப்வெர்ஷனில் இருக்கிறது. உறவு அறுந்த ஃபோல்டர்களுக்கு நடுவே அந்த வசதி பயன்படாது. ஒரு கடையில் திருத்தியதை இன்னொரு கடைக்குக் கொண்டுபோகக் கோப்பைத் திறந்து கையால் ஒட்டுவதுதான் வழி.

2024 மார்ச் 1

அன்று சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. எல்லாவற்றுக்கும் அல்ல. உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், சரக்குப் போக்குவரத்து ஆகியவை 6-லேயே நின்றன. ஹோட்டல் அறைக்கு 8, நாசி கண்டார் கடைக்கு 6. மளிகைக் கடை பில்லில் சேவை வரியே வராது.

வரி விகிதம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதப்பட்டிருந்தது. "அண்ணே, எந்த ஃபோல்டர்ல மாத்தணும், எதுல மாத்தக் கூடாது?" என்று குழுவில் இளையவர் கேட்டார். மூத்தவரிடம் ஓர் எக்ஸெல் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஓர் உணவகத்தின் ஃபோல்டர் ஒரு ஹோட்டல் ஃபோல்டரிலிருந்து பிறந்தது. பட்டியலில் அது இன்னமும் ஹோட்டல் என்றே இருந்தது. மறுநாள் காலை பசியாற வந்தவர்களுக்கு ரொட்டி சானாய்க்கும் தே தாரேக்கும் 8 விழுக்காடு போட்டு பில் வந்தது. கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார்.

இதை யாருடைய கவனக்குறைவு என்றும் சொல்ல முடியாது. இது உணவகம், இதற்கு இந்த வரி என்ற செய்தியை எழுதி வைக்க அந்த ரெப்போவில் இடமே இல்லை. ஃபோல்டர் பெயர் கடையைச் சொன்னது. கடை என்ன வகை என்பது சிலருடைய நினைவிலும் ஓர் எக்ஸெல் கோப்பிலும் மட்டுமே இருந்தது.

காரணத்தைத் தேடப்போனபோது அதைவிடப் பழைய ஒன்று கண்ணில் பட்டது. 2008 ஏப்ரல் 1 முதல் நாட்டில் ரொக்க பில்லின் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு சென்) நெருக்கிக் கணக்கிட வேண்டும். 1, 2 சென் என்றால் கீழே, 3, 4 என்றால் மேலே 5-க்கு, இப்படி. கார்டில் கட்டினால் நெருக்கக் கூடாது. கார்டு பில்லையும் நெருக்கிவிடும் பிழை ஒன்றை ஒரு கடைக்காரர் சொல்லி, அவருடைய ஃபோல்டரில் நெடுநாள் முன்பே சரிசெய்திருக்கிறார்கள். மற்ற கடைகளில் பாதிக்கு மேல் அந்தப் பிழை அப்படியே இருந்தது. சென் கணக்கில் என்பதால் யாரும் புகார் செய்யவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) கட்டாயமாகத் தொடங்கியது. முதலில் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள், பிறகு 2025 ஜனவரி 1, ஜூலை 1 என்று படிப்படியாகச் சிறியவர்களுக்கு. எங்கள் வாடிக்கையாளர்களில் சிலருக்கு இது வரத்தான் போகிறது என்பது தெரிந்திருந்தது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தோடு பேசும் நிரலை முப்பது ஃபோல்டரில் முப்பது தடவை எழுத முடியாது என்பதை முதலாளியிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே, "சரி, இந்தத் தடவை அடியிலிருந்து சரி பண்ணுங்க" என்றார்.

முதலில் அளந்தோம்

உடனே கிட் என்ற இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு மாறிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் இதே ஃபோல்டர்களை அப்படியே கிட்டுக்குக் கொண்டுபோனால் முப்பது ஃபோல்டர் முப்பது கிளை ஆகும். நோய் அப்படியே இருக்கும். அதனால் ஃபோல்டர்களுக்குள் உண்மையில் என்ன வேறுபாடு இருக்கிறது என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்தோம்.

இரண்டு ஃபோல்டரை ஒப்பிட்டவுடன் நிரலின் ஏறக்குறைய எல்லா வரியும் வேறுபாடு என்று சிவப்பாக வந்தது. காரணம் நிரல் இல்லை. ஒன்றில் எழுத்து வரியின் முடிவுக் குறி விண்டோஸ் முறையில், இன்னொன்றில் லினக்ஸ் முறையில். டேப் ஓரிடத்தில், ஸ்பேஸ் ஓரிடத்தில். பில் தலைப்பில் வரும் தமிழ்க் கடைப் பெயர்கள் சிலவற்றில் யூனிகோடு, சிலவற்றில் பழைய எழுத்துரு முறை. அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இவை எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஒப்பிட்டோம்.

இப்போது தெரிந்த படமே வேறு. பெரும்பாலான கடைகளில் வேறுபாடு நாலைந்து இடங்களில்தான்: பில் தலைப்பு, வரி விகிதம், பில் காகிதம் 58 மில்லிமீட்டரா 80 மில்லிமீட்டரா என்பது, எந்தப் பட்டியல் எந்த வரிசையில் என்பது. நிரலே வேறாக இருந்தவை கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. எடை போட்டு விற்கும் கடைகளுக்குத் தராசோடு பேசும் பகுதி. ஹோட்டலுக்கு அறை முன்பதிவு. மற்றதெல்லாம் அமைப்புக் கோப்பில் (கடைக்குரிய தெரிவுகளை நிரலுக்கு வெளியே வைக்கும் கோப்பு) ஒரு வரியாக இருந்திருக்க வேண்டியவை.

எது கிளை, எது ஃபோல்டர்

இந்த ஆய்வில் நான் சொல்ல வரும் முக்கியமான கருத்து இதுதான். கிளை என்பது காலம் சார்ந்தது. ஒரு வேலை நடக்கும் காலம் வரைக்கும் மற்றவர்களை இடைஞ்சல் செய்யாமல் பிரிந்திருந்து, முடிந்ததும் திரும்பி வந்து சேர வேண்டும். என்றைக்கும் திரும்பி வந்து சேராத ஒன்றைக் கிளை என்று வைத்திருந்தால், உண்மையில் அது தனி மென்பொருள். அதற்கு வரும் ஒவ்வொரு திருத்தத்தின் செலவையும் தனியாகக் கட்ட வேண்டும்.

ஃபோல்டர் என்பது பொறுப்பு சார்ந்தது. இந்த நிமிஷம் இந்த மென்பொருளில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன, எது எதோடு சேர்ந்து மாறும் என்பதை அது காட்ட வேண்டும். கடைக்குக் கடை வேறுபடுவது இந்த இரண்டிலும் சேராது. அது தரவு. ஒரே நிரல், கடைக்கு ஓர் அமைப்புக் கோப்பு.

குழுவில் இதை ஒப்புக்கொள்ள வைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "ஒரு கடைக்கு மட்டும் மாத்தினா அது மத்த கடையையும் பாதிச்சிடாதா?" என்ற கேள்வி நியாயமானது. பாதிக்கும். அதற்குத்தான் சோதனை எழுத வேண்டும். நகல் எடுத்து வைத்திருந்தபோது பாதிக்காது என்பது உண்மைதான். நல்ல திருத்தமும் போய்ச் சேரவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கிட்டுக்கு மாற்றியது

சப்வெர்ஷன் ரெப்போவைக் கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன் கருவியில் வழக்கமான அமைப்புக்கு என்றே ஒரு தெரிவு உண்டு. டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் இருந்தால் அதைக் கொடுத்தால் போதும். இங்கே அது பொருந்தவில்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஓர் உணவக ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் வரலாற்றோடு கொண்டுவந்தோம். எஸ்விஎன் காப்பியால் உருவான ஃபோல்டர் என்பதால் கருவி அதன் மூல ஃபோல்டரையும் பின்தொடர்ந்து பழைய கமிட்களையும் எடுத்துக்கொண்டது. மற்ற ஃபோல்டர்களின் நல்ல திருத்தங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் சேர்த்தோம். பழைய சப்வெர்ஷன் சர்வரைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்தோம். வரிக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டிய நாட்டில், அந்தக் காலத்து பில் எந்த நிரலில் வந்தது என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

வரலாற்றுக்குள் டேட்டாபேஸ் கடவுச்சொற்களும், யாரோ சேர்த்துவிட்ட பேக்கப் கோப்புகளும், இன்ஸ்டாலர்களும் கிடந்தன. வரலாற்றைத் திருத்தி எழுதும் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு அவற்றை நீக்கினோம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வரலாற்றிலிருந்து கடவுச்சொல்லை அழித்தால் மட்டும் போதாது, அந்தக் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். பழைய நகல்கள் எத்தனை மடிக்கணினியில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

பாகத்துக்கு ஒரு ரெப்போ வைத்து சப்மாட்யூலாக இணைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்றோம். சப்மாட்யூல் என்பது இன்னொரு ரெப்போவின் ஒரு குறிப்பிட்ட கமிட்டைப் பிடித்து நிற்பது. சின்ன மாற்றத்துக்கும் இரண்டு இடத்தில் கமிட் செய்ய வேண்டும். ஒரே குழு, ஒரே வெளியீடு என்றால் ஒரே ரெப்போ போதும்.

புதிய ஃபோல்டர்கள் இவை: பில்லிங், வரி, அச்சு, தராசு, முன்பதிவு, டேட்டாபேஸ், கடைகள். ஒவ்வொன்றின் சோதனையும் அதனதன் ஃபோல்டருக்குள்ளேயே. 'கடைகள்' ஃபோல்டரில் அமைப்புக் கோப்புகள் மட்டும்தான் இருக்கலாம். யாராவது அங்கே நிரல் கோப்பைப் போட்டால் தானியங்கிச் சோதனை மெர்ஜைத் தடுத்துவிடும். இந்த ஒரு தடை இல்லையென்றால் ஒரு வருஷத்தில் பழைய நிலைக்கே போயிருப்போம் என்று நினைக்கிறேன்.

'வரி' ஃபோல்டரில் இப்போது ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து, எந்தச் சேவை வகைக்கு, எத்தனை விழுக்காடு. 2015 ஏப்ரல் 1, 2018 ஜூன் 1, 2018 செப்டம்பர் 1, 2024 மார்ச் 1 எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் அன்றைய விகிதமே வரும். கடையின் அமைப்புக் கோப்பில் விகிதம் கிடையாது, 'உணவகம்', 'தங்கும் அறை' என்று வகை மட்டும்.

'டேட்டாபேஸ்' ஃபோல்டர்தான் எதிர்பாராத இடத்தில் கைகொடுக்காமல் போனது. அட்டவணை மாற்றும் ஸ்கிரிப்டுகளுக்கு 46, 47 என்று வரிசை எண் வைத்திருந்தோம். இரண்டு கிளைகளில் இரண்டு பேர் ஒரே நாளில் 47 எழுதினார்கள். கோப்பின் மிச்சப் பெயர் வேறு என்பதால் கிட் எந்த மோதலும் காட்டாமல் இரண்டையும் மெர்ஜ் செய்துகொண்டது. எது முதலில் ஓட வேண்டும் என்பது சொல்லப்படாமலேயே போயிற்று. இப்போது எண்ணுக்குப் பதில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம்.

கிளைகள்

முதன்மைக் கிளை ஒன்று. வேலைக்கு ஒரு குறுங்கிளை, அது இரண்டு மூன்று நாளில் மெர்ஜ் ஆகி அழிய வேண்டும். வெளியீட்டுக்கு ஒரு கிளை. வெளியீட்டுக் கிளை ஏன் என்றால், எல்லாக் கடையையும் ஒரே இரவில் புதுப்பிக்க முடியாது. இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் நாசி கண்டார் கடையில் கவுண்டரை எப்போது நிறுத்துவது என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். பழைய வெளியீடு சில கடைகளில் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கும் திருத்தம் தேவைப்படும். திருத்தம் முதலில் முதன்மைக் கிளைக்குப் போகும், அங்கிருந்து செர்ரி-பிக் செய்து (அந்தக் கமிட்டை மட்டும் எடுத்து) வெளியீட்டுக் கிளைக்கு. இந்த வரிசை மாறினால் அடுத்த வெளியீட்டில் அதே பிழை திரும்பி வரும்.

2010-இல் வின்சென்ட் டிரீசன் எழுதிய கிட்-ஃப்ளோ என்ற கிளை பிரிக்கும் முறையையும் பார்த்தோம். தொடர்ந்து வெளியிடும் இணையச் செயலிகளுக்கு எளிமையான முறை நல்லது என்று அவரே 2020-இல் குறிப்புச் சேர்த்திருக்கிறார். பல பதிப்புகள் ஒரே நேரத்தில் புழங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் பயன் உண்டு. ஆனால் டெவலப் என்ற இன்னொரு நிரந்தரக் கிளை இவ்வளவு சிறிய குழுவுக்குச் சுமை. வெளியீட்டுக் கிளையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கிளைப் பெயரில் சாய்கோடு போட்டு வகை பிரித்தோம். அதில் ஒரு தடங்கல். ரிலீஸ் என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே கிளை போட்டிருந்தார். அதன்பின் ரிலீஸ், சாய்கோடு, பதிப்பு எண் என்று கிளை உருவாக்கப் போனால் கிட் மறுத்துவிட்டது. காரணம், கிளைப் பெயர்கள் வழக்கமாக டாட்-கிட் ஃபோல்டருக்குள் ரெஃப்ஸ், அதற்குள் ஹெட்ஸ் என்ற இடத்தில் கோப்புகளாக இருக்கின்றன. சாய்கோடு இருந்தால் அது துணை ஃபோல்டர். ரிலீஸ் என்ற கோப்பு இருக்கும் இடத்தில் அதே பெயரில் ஃபோல்டர் இருக்க முடியாது. பழைய கிளையைச் சர்வரில் அழித்த பிறகும் மற்றவர்கள் ஃபெட்ச் செய்தபோது (சர்வரிலிருந்து மாற்றங்களை எடுத்தபோது) அதே பிழை வந்தது, ஏனென்றால் அவரவர் கணினியில் பழைய கிளையின் சுவடு மிச்சம் இருந்தது. அந்தச் சுவடுகளை நீக்கும் ப்ரூன் செய்தபின்தான் சரியானது. விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டாலும் இதே போன்ற குழப்பம் வரும். எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில் என்று விதி வைத்துவிட்டோம்.

அழிப்பதற்குத்தான் பெரிய தயக்கம். சப்வெர்ஷனில் ஃபோல்டராகவே பழகிய மூத்தவருக்குக் கிளையை அழிப்பது என்றால் வேலையை அழிப்பது போல. "தம்பி, அழிச்சிட்டா நாளைக்கு வேணும்னா எங்க போறது?" என்றார். அவர் கணினியிலேயே அந்த ஹெட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, ஒரு கிளையின் கோப்பை நோட்பேடில் காட்டினேன். நாற்பது எழுத்துள்ள ஒரே ஒரு வரி, முடிவுக் குறியோடு மொத்தம் 41 பைட். "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான் அண்ணே. புத்தகத்தில் வைக்கிற அடையாளத் துண்டு மாதிரி. எடுத்துட்டா பக்கம் கிழியாது." பிறகு மெர்ஜ் ஆகாத ஒரு சோதனைக் கிளையை அழித்து, ரெஃப்லாக் (கிட் வைத்திருக்கும் நகர்வுப் பதிவேடு) பார்த்து அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து காட்டினேன். மெர்ஜ் ஆகாத கமிட்களைக் கிட் ஒரு காலத்துக்குப் பிறகு துப்புரவு செய்துவிடும் என்பதையும் சொன்னேன். முக்கியமானது என்றால் டேக் போட்டு வைத்துவிட்டுக் கிளையை அழிக்கலாம். அன்று மாலையே அவர் தன்னுடைய பழைய கிளைகளைத் தானாக உட்கார்ந்து அழித்தார்.

ஸ்குவாஷ் மெர்ஜ் (கிளையின் கமிட்களை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்பவர்கள் கவனிக்க ஒன்று: அப்படிச் சேர்த்த கிளைகளை, மெர்ஜ் ஆனவற்றைப் பட்டியலிடும் கட்டளை காட்டாது. கமிட்கள் புதிதாக எழுதப்படுவதால் கிட்டுக்கு அது தெரியாது. மெர்ஜ் ஆன உடனே கிளையை அழிக்கும் அமைப்பைச் சர்வரில் இயக்கி வைப்பது நல்லது.

இப்போதைய நிலை

கார்டு பில் நெருக்கும் பிழை புதிய வெளியீட்டுக்கு வந்த எல்லாக் கடைகளிலும் போய்விட்டது. இ-இன்வாய்ஸ் பகுதி ஒரே ஃபோல்டரில், ஒரே தடவை எழுதப்பட்டது. எந்தக் கடைக்கு எந்தத் தேதியிலிருந்து என்பது அமைப்புக் கோப்பில் ஒரு வரி. ஆண்டு விற்பனை 10 இலட்சத்துக்கும் 50 இலட்சத்துக்கும் இடைப்பட்டவர்களுக்குத் தேதி 2026 ஜனவரி 1-க்குத் தள்ளிப்போனபோது அந்த வரியை மாற்றியதோடு வேலை முடிந்தது. ஒரு கடை மட்டும் பழைய விண்டோஸ் கணினியை மாற்றும் வரை பழைய நகலிலேயே ஓடுகிறது. அதற்கான திருத்தம் பூட்டிய சப்வெர்ஷனைத் திறந்துதான் போக வேண்டும்.

முன்பதிவுப் பகுதி இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஹோட்டல்காரர்கள் கேட்கும் வசதிகள் பில்லிங்கைவிட வேகமாக மாறுகின்றன. வெளியீட்டுக் கால அட்டவணையே வேறாகிவிட்டால் அது தனி ரெப்போவாகப் போவதுதான் நியாயம். தனி ஃபோல்டரில் இருப்பதால், கிட் ஃபில்டர்-ரெப்போ கொண்டு அந்த ஃபோல்டரை மட்டும் அதன் வரலாற்றோடு பிரித்தெடுக்கலாம். பில்லிங் இல்லாமல் முன்பதிவு மட்டும் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் வந்து கேட்கும்போது அதைச் செய்வது என்று முடிவாகியிருக்கிறது.